கணக்குப் பார்க்காத பக்தி

கஷ்டம் வந்தால்தான் கடவுள் ஞாபகம் வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் கோயில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பார்த்தாலே அது எவ்வளவு உண்மை என்று புரிந்துவிடும்! பாஸாகிவிட்டால் மெழுகுவத்தி, வேலை கிடைத்தால் மொட்டை, குழந்தை பிறந்தால் தொட்டில். எந்த மதமாக இருந்தாலும் இது மாறுவதில்லை. இதற்கு நம் மொழியில் இருக்கும் பெயரைக் கவனித்தீர்களா? நேர்த்திக்கடன். கடன் என்றாலே கொடுக்கல் வாங்கல்தானே!

பி.காம் படிக்கிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் பற்று, வரவுதான் தெரியும் என்று கேலி செய்யாதீர்கள். இது வரலாற்றுக் கேள்வியும்கூட. கேட்டது கிடைக்காதபோதும், கையில் இருந்ததும் பறிபோனபோதும் கடவுளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் உண்டா? உண்டென்றால், அன்றாட வாழ்க்கையில் அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள்? தமிழ்க் கிறிஸ்தவர்களின் கடந்த 500 ஆண்டு வரலாற்றில் இதற்குப் பதில் தேடலாம் என்று தோன்றியது. அதில் ஒரு பகுதி எங்கள் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது கூடுதல் ஆர்வம்.

யோபுவின் கதை கேட்ட அதிகாரி

முதலில் தெற்கே போவோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் நீலகண்டபிள்ளை. அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்தது. மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் காலம். நீலகண்டபிள்ளை அரண்மனை அதிகாரி. நல்ல குடும்பம், சொத்து, செல்வாக்கு எல்லாம் இருந்தது.

1741-ல் குளச்சலில் டச்சுப் படையை மார்த்தாண்டவர்மா தோற்கடித்தார். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை இந்திய மன்னர் தோற்கடித்த பெரிய சம்பவம் அது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு மன்னரின் நம்பிக்கைக்கு உரியவராகி, திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டையில் இன்றும் அவர் கல்லறை இருக்கிறது. அரண்மனை வேலையில் நீலகண்டபிள்ளைக்கும் டிலனாய்க்கும் பழக்கம் ஏற்பட்டது.

அந்தச் சமயத்தில் நீலகண்டபிள்ளையின் வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம். மாடுகள் செத்தன, பயிர் போனது. மனம் உடைந்திருந்தவரிடம் டிலனாய் ஒரு கதை சொன்னார். அது பைபிளில் வரும் யோபுவின் கதை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: யோபு பெரிய பணக்காரர், நல்லவர், கடவுள் பக்தி உள்ளவர். சாத்தான் கடவுளிடம் போய் ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறான். இவன் சும்மாவா உம்மைக் கும்பிடுகிறான், நீர் கொடுத்திருப்பதால் கும்பிடுகிறான், எடுத்துப் பாரும் தெரியும் என்கிறான். நான் மேலே கேட்ட கேள்வியை எனக்குப் பல நூற்றாண்டு முன்பே சாத்தான் கேட்டுவிட்டான் பாருங்கள்! அதன்பின் யோபுவின் மாடு, ஆடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போகின்றன. யோபு அழுகிறார், கோபப்படுகிறார், கடவுளோடு வாதாடுகிறார். ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை.

இந்தக் கதை நீலகண்டபிள்ளையைப் பிடித்துக்கொண்டது. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். வைத்த பெயர் லாசரு. அதன் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். கடவுளே துணை என்று அர்த்தம்.

இனிமேல்தான் விஷயம். யோபுவின் கதை முடிவில் இழந்ததெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கிறது. "அப்படியானால் கடைசியில் லாபம்தானே?" என்று யாராவது கேட்கலாம். தேவசகாயத்துக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. உள்ளதும் போனது. 1749-ல் கைது செய்யப்பட்டார். பதவி போனது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுச் சித்திரவதைக்குப் பிறகு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில், அதாவது சாமியாரோ கன்னியாஸ்திரீயோ அல்லாத சாதாரண விசுவாசிகளில், புனிதர் ஆன முதல் ஆள் அவர்தான். மனைவியோடு குடும்பம் நடத்தி, சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். கிறிஸ்தவராக வாழ்ந்ததே ஏழு ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. பக்தி பெரிய மடங்களுக்குள் மட்டும் இல்லை என்று காட்டத்தான் அவரை முதலில் வைத்தேன்.

மணி அடித்துக்கொண்டு போனவர்

தேவசகாயத்துக்கு 200 ஆண்டுகளுக்கு முன்னால் போனால் முத்துக்குளித்துறை வருகிறது. தூத்துக்குடி, மணப்பாடு, புன்னக்காயல் என்று நீளும் கடற்கரை. அங்குள்ள பரதவ மக்கள் 1530-களில் கூட்டமாகக் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். இதில் பக்தி எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று சரித்திர ஆசிரியர்கள் விவாதிக்கிறார்கள். எதிரிகளிடமிருந்து போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பது உண்மைதான். ஆக, ஆரம்பம் ஒப்பந்தமாகவே இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் சுவாரஸ்யம்.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்து சேர்ந்தார். தமிழ் தெரியாது. உள்ளூர் ஆட்கள் உதவியோடு செபங்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி அந்தச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று அழைப்பு வந்தால், எல்லா இடத்துக்கும் அவரால் போக முடியாது. பிள்ளைகளையே அனுப்பிவைப்பார். அவர்கள் நோயாளியின் பாய் அருகே உட்கார்ந்து செபம் சொல்லிவிட்டு வருவார்கள்.

சவேரியார் ஒரே ஊரில் தங்கியிருக்கவில்லை. அதனால் ஊருக்கு ஊர் ஒருவரைப் பொறுப்பில் வைத்தார். அவருக்கு என்ன பெயர் தெரியுமா? கணக்கப்பிள்ளை! கோயிலைப் பார்த்துக்கொள்வது, செபம் நடத்துவது, சாகும் நிலையில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பிறப்பு, திருமணம் பற்றிய விவரங்களைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலை. பி.காம் காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

1544-ல் பெரிய கஷ்டம் வந்தது. வடுகர் படை கடற்கரை ஊர்களைத் தாக்கியது. மக்கள் ஓடிப்போய்க் கன்னியாகுமரிப் பக்கம் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஒளிந்துகொண்டார்கள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. சிலர் அங்கேயே செத்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உதவிப் பொருட்களோடு புறப்பட்டார். ஆனால் காற்று எதிராக அடித்ததால் போய்ச் சேர முடியவில்லை. பிறகு கரை வழியே நடந்து போனார். இதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். எத்தனையோ அற்புதங்களை அவர் பெயரில் சொல்வார்கள். ஆனால் காற்று திரும்பவில்லை, தோணி போகவில்லை, நடந்து போனேன் என்கிற இந்தச் செய்திதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒப்பந்தம் என்று பார்த்தால் அது அங்கேயே முறிந்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லையே! ஆனால் மக்கள் விட்டுவிடவில்லை. 34 ஆண்டுகள் கழித்து, 1578 அக்டோபர் 20 அன்று, கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கப் புத்தகம் அச்சானது. இந்தியாவில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சிடப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் இது. எழுதியவர் அண்டிரிக்கு அடிகளார். அச்சு வேலைக்கு அந்தக் கடற்கரை மக்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறியது ராஜாவின் சட்டம் இல்லை, பெரும்புலவரின் காவியம் இல்லை. மீன் பிடிப்பவர்களும் முத்துக் குளிப்பவர்களும் படிப்பதற்கான சின்னச் செபப் புத்தகம்!

எங்கள் ஊர்ப் பக்கம்: கோணான்குப்பம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே விருத்தாசலம் பக்கம் போனால் முகாசாபரூர், அதை ஒட்டிக் கோணான்குப்பம். இங்கே பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. ஜனவரித் தேர்த்திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் சுற்று வட்டார மக்கள் எல்லாரும் போவார்கள். இந்தக் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் வீரமாமுனிவர்.

1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, 1710-ல் கோவா வந்து, அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார். வழிப்பயணத்தில் அவர் ஒரு மரத்தடியில் அசந்து தூங்க, மாடு மேய்க்கும் பிள்ளைகள் அவரிடமிருந்த மாதா சுரூபத்தை விளையாட்டாக எடுத்துப் புதரில் ஒளித்துவைத்தார்களாம். பிள்ளை இல்லாத முகாசாபரூர்க் கச்சிராயர் கனவில் மாதா வந்து கோயில் கட்டச் சொல்ல, கட்டியபின் அவருக்குக் குழந்தை பிறந்ததாம். இது கோயில் வரலாறாக மக்கள் சொல்வது. பெரியநாயகி என்ற பெயரைக் கவனியுங்கள். விருத்தாசலத்துக் கோயில் அம்மனுக்கும் பெயர் விருத்தாம்பிகை, பெரியநாயகிதான். தமிழ்ப் பெண்ணைப் போல் சேலை உடுத்திய மாதாவுக்கு மண்ணின் பெயரையே சூட்டியிருக்கிறார்.

பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறவர்கள் இன்றும் அங்கே உண்டு. "இதுவும் நேர்த்திக்கடன்தானே, பேரம்தானே?" என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியும் கைவிட்ட மனுஷி வேறு எங்கே போவாள்? ஆனால் அந்தக் கோயிலைக் கட்டிய வீரமாமுனிவர் எழுதியவற்றைப் பார்த்தால் அவர் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்த பக்தி வேறு மாதிரி இருக்கிறது.

முதலாவது, 'வேதியர் ஒழுக்கம்'. தலைப்பைப் பார்த்துப் பிராமணர்களைப் பற்றியது என்று நினைக்க வேண்டாம். வேதியர் என்றால் இங்கே உபதேசியார். அந்தக் காலத்தில் ஒரு சாமியாருக்குக் கீழே எத்தனையோ ஊர்கள். ரோடு கிடையாது, பாளையக்காரர் சண்டை, கொள்ளை, காய்ச்சல். சாமியார் ஓர் ஊருக்கு வருவதே அபூர்வம். மற்ற நாளெல்லாம் ஞாயிறு செபம் நடத்துவது, மந்திரம் சொல்லிக்கொடுப்பது, நோயாளி பக்கத்தில் இருப்பது, பிணத்தை அடக்கம் செய்வது, புருஷன் பெண்டாட்டி சண்டை தீர்ப்பது எல்லாம் உபதேசியார்தான். சவேரியாரின் கணக்கப்பிள்ளைக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உபதேசியார் எப்படி வாழ வேண்டும் என்று உரைநடையில் அறிவுரை சொல்லும் நூல் இது. போதிக்கிறவன் முதலில் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பதுதான் சாரம்.

இரண்டாவது, 'தேம்பாவணி'. 1726-ல் முடிந்த பெரிய காப்பியம். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். கதாநாயகன் இயேசு இல்லை, மாதாவும் இல்லை. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். சூசை என்ற பெயரின் பொருளை எடுத்துத் தமிழில் 'வளன்' என்று வைத்தார். காப்பியத் தலைவன் என்றால் அரசன், வீரன், அவதாரம் என்று இருந்த தமிழில் ஒரு தச்சரை உட்கார வைத்தார். தாவீது அரசரின் வம்சம்தான் அவர். ஆனால் பிழைப்பு மரவேலை.

பைபிளில் சூசையப்பர் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சொன்னதைச் செய்வார், அவ்வளவுதான். பிரசவ நேரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையைக் கொல்ல அரசன் ஆள் அனுப்புகிறான். ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த நாட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இன்றைய பாஷையில் சொன்னால் அகதி. வீட்டில் கடவுளே குழந்தையாக இருந்தும் கஷ்டம் குறையவில்லை! பைபிளில் சில வரிகளில் முடியும் இந்த எகிப்துப் பயணத்தை வீரமாமுனிவர் படலம் படலமாக விரித்தார். யாருக்காக? பஞ்சத்திலும் படையெடுப்பிலும் ஊர்விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்த மக்களுக்கு மத்தியில் உட்கார்ந்து எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது. அவரே தமிழகம் வந்த சில ஆண்டுகளில் பிடிபட்டு, மரணத்தின் வாசல் வரை போய் மீண்டவர்.

அவர் நீண்ட நாள் இருந்த ஏலாக்குறிச்சி கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தஞ்சை மராட்டியர் ஆட்சி. அங்கே துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஆற்றைத் தாண்டி வந்து ஒதுங்கிய இடம் இது. அதனால்தான் அங்குள்ள மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். 'எனக்கு இதைக் கொடு' என்பதைவிட 'ஒதுங்க இடம் கொடு' என்பதுதான் இந்தப் பெயர்களில் கேட்கிறது.

அழலாமா?

பத்தாம் வகுப்புப் புதிய தமிழ்ப் புத்தகத்தில் தேம்பாவணிப் பகுதி ஒன்று வந்தது நம் செட்டுக்கு நினைவிருக்கும். கருணையன் என்பவன் காட்டில் தன் தாயை அடக்கம் செய்துவிட்டு அழுகிற இடம். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோயிருப்போம். கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு வீரமாமுனிவர் வைத்த பெயர். தாய் எலிசபெத்து. பிற்காலத்தில் பெரிய தீர்க்கதரிசி ஆகப்போகிறவன், சின்னப் பையனாகத் தனியே நின்று, அம்மா இல்லாமல் என்ன செய்வேன் என்று கதறுகிறான். அவனோடு சேர்ந்து காடும் அழுகிறது.

பக்தி உள்ளவன் அழக் கூடாது, எல்லாம் அவன் செயல் என்று சிரித்துக்கொண்டு ஏற்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வீரமாமுனிவர் அப்படி எழுதவில்லை. நன்றாக அழவிடுகிறார். யோபுவும் அப்படித்தான், தான் பிறந்த நாளையே சபிக்கிறார். நம்முடைய பெரிய வியாழன், பெரிய வெள்ளிக் கிழமைகளில் கிராமங்களில் பாடும் வியாகுலப் பாட்டுகளைக் கேட்டிருந்தால் தெரியும், மாதா மகனை மடியில் வைத்துக்கொண்டு அழுவது அப்படியே நம் ஊர் ஒப்பாரி. கடவுளின் தாயே அழலாம் என்றால் நாமும் அழலாம்!

இதை எழுதும்போது கருணாபுரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்று ஊர்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பந்தல் போட்டார்கள். அப்போது வெளியூர்க்காரர்கள் பலர் சொன்னது, "குடித்தார்கள், செத்தார்கள், இதில் என்ன பரிதாபம்?"

யோபுவின் கதையில் இதே மாதிரி ஆட்கள் மூன்று பேர் வருகிறார்கள், அவருடைய நண்பர்கள். முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இப்படி என்று ஆளுக்கு ஆள் நியாயம் பேசுகிறார்கள். அதாவது, செய்ததற்குத் தகுந்த கூலி, கணக்கு சரியாகிவிட்டது என்கிறார்கள். கதையின் முடிவில் கடவுள் யார் மேல் கோபப்படுகிறார் தெரியுமா? தன்னோடு வாதாடிய யோபு மேல் இல்லை. கணக்கு சொன்ன அந்த நண்பர்கள் மேல்! கஷ்டத்தில் இருப்பவன் வீட்டில் போய் நியாயம் பேசாதே, பக்கத்தில் உட்கார் என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. கும்பிடுகிறவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இது பொருந்தும்.

சாமியார் இல்லாத முப்பது ஆண்டு

பக்கத்தில் உட்காருவது என்றதும் இலங்கைக் கதை ஒன்று சொல்ல வேண்டும். 1658-ல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் புரொட்டஸ்டன்டுகள். கத்தோலிக்கச் சாமியார்களைத் துரத்தினார்கள். ஒளித்துவைத்தால் மரண தண்டனை என்றார்கள். கோயில்களை எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் ஏறக்குறைய 30 ஆண்டு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குச் சாமியாரே இல்லை. பூசை இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை.

1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குரு, கூலிக்காரன் போல் வேஷம் போட்டுக்கொண்டு, தூத்துக்குடியில் படகேறி வந்து சேர்ந்தார். வந்தவுடன் வயிற்றுக்கடுப்பில் சாகக் கிடந்தார். பிழைத்தபின் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்து, மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். சில்லாலை என்ற ஊர் அவருக்கு இடம் கொடுத்தது. ராத்திரியில் வீடுகளில் பூசை நடந்தது.

என்னை யோசிக்க வைத்தது வாஸ் அல்ல, அந்த 30 ஆண்டு. ஒரு தலைமுறையே சாமியார் முகம் பார்க்காமல் வளர்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு யார் செபம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அடுப்படியில் அம்மாவும், பாயில் படுத்துக்கொண்டு பாட்டியும்தான். டச்சுக்காரர்களோடு சேர்ந்துகொண்டால் பதவி, சலுகை எல்லாம் கிடைத்த காலம் அது. பலர் சேரவும் செய்தார்கள். சேராதவர்களுக்குக் கிடைத்தது அபராதமும் பயமும். வரவுப் பக்கம் காலி!

வாஸ் பிறகு கண்டிக்குப் போய், ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் இருந்தார். 1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசரும் பிரபுக்களும் நகரை விட்டுப் போனார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரர்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸும் அவருடைய துணைக் குருவும் அவர்களுக்குக் குடிசை போட்டு, கழுவி, கஞ்சி கொடுத்து, செத்தவர்களைப் புதைத்தார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. 1711-ல் கண்டியில் இறந்த அவரை 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

மறுபக்கம்

எல்லாமே இப்படி உயர்வாக இருந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது, துதி ஆகிவிடும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்குள் சாதி வாரியாக மக்களைப் பிரிக்கச் சுவர் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இடித்தார்கள். தனிக் கல்லறை, தனி வாசல், தேர் வராத தெரு என்று இந்தச் சண்டை இன்னும் பல இடங்களில் ஓயவில்லை. தலித் கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை கஷ்டகாலம் என்பது வெளியிலிருந்து வந்த துன்புறுத்தல் மட்டுமில்லை, பக்கத்துப் பெஞ்சிலிருந்து வந்ததும்தான். அதையும் தாண்டி அவர்கள் தங்கள் தெருக் குருசடியில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் பெயர் சொன்ன யாருடைய பக்திக்கும் அது குறைந்ததில்லை.

இன்னொரு குற்றச்சாட்டு 1876-78 பஞ்சத்தில் எழுந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று மற்றவர்கள் ஏசினார்கள். மிஷனரிகளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். பசித்தவன் கஞ்சி தருகிறவன் பக்கம் போவதில் என்ன கேவலம்? பஞ்சம் முடிந்து, கஞ்சித் தொட்டி எடுத்தபிறகும் யார் தங்கினார்கள், எதற்காகத் தங்கினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

என்ன புரிகிறது?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கஷ்டகாலத்தில் நின்ற பக்தி கஷ்டகாலத்தில் திடீரென்று முளைத்தது இல்லை. அது ஏற்கெனவே அன்றாடத்தில் இருந்தது. வலை வீசுமுன் போடும் சிலுவை அடையாளம், மூவேளை மணிக்கு நிறுத்தும் வேலை, விளக்கு வைத்ததும் வீட்டோடு சொல்லும் செபமாலை, தவக்காலத்தில் விடும் கறிமீன், நோயாளி பக்கத்தில் உட்காரும் ஒரு மணி நேரம். இதில் எதற்கும் கூலி கேட்க முடியாது. பழக்கம் என்று அலட்சியமாகச் சொல்கிறோம். சாமியார் இல்லாத 30 ஆண்டைக் கடத்தியது அந்தப் பழக்கம்தான்.

பேரம் பேசும் பக்திக்கு ஒரு முடிவு உண்டு. கேட்டது கிடைத்தால் கணக்கு தீர்ந்தது, கிடைக்காவிட்டால் உறவு தீர்ந்தது. யோபு, வளன், தேவசகாயம், சில்லாலைப் பாட்டிகள் எல்லோரும் கணக்கைத் தீர்க்காமல் திறந்தே வைத்திருந்தவர்கள். அழுதார்கள், சண்டை போட்டார்கள், மறுநாள் விடிந்ததும் மறுபடி செபம் சொன்னார்கள்.

கடவுள் இருக்கிறாரா என்பதை இந்த வரலாறு நிரூபிக்காது. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் மனிதர்கள் லாபம் இல்லாத இடத்திலும் விசுவாசமாக இருப்பார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி. நம் பாடப்புத்தகப் பொருளாதாரத்தில் அப்படிப்பட்ட மனிதனுக்கு இடமே இல்லை. கோணான்குப்பம் போகிறவர்கள் தொட்டில்களைப் பார்ப்பதோடு நிற்காமல், எதுவும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் கிழவிகளையும் கொஞ்சம் பாருங்கள்.